மூன்று சக்கர தூரம்

அஜ்மானில் மூன்று பலசரக்குக் கடைகளை நான் கட்டினேன். ஊரில் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொரு மாடி வீடு கட்டினேன். எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினேன். அடுத்தடுத்த கட்டடத்தில் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல் இருந்த நம் ஆட்களைத் தொண்டை வறளப் பேசிச் சேர்த்து, இந்தச் சைக்கிள் குழுவையும் நான்தான் கட்டினேன். நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு முன்னால் நின்று வழி காட்ட ஆள் இல்லை. பின்னால் நின்று தள்ளிவிடவும் ஆள் இல்லை.

வந்த புதிதில் ஷார்ஜாவில் ஒரு பலசரக்குக் கடையில் சைக்கிள் டெலிவரி வேலை. முன்கூடையில் குப்பூஸ் ரொட்டியும் தயிரும், பின்னால் கேரியரில் தண்ணீர்க் கேன், இரண்டு கைப்பிடியிலும் பைகள் தொங்கும். கோடை மதியத்தில் கைப்பிடி தோசைக்கல் மாதிரி சுடும். பழைய பனியனைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு ஓட்டுவேன். இன்றைக்கு இரண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய சைக்கிளில், கையுறை மாட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். அவர்கள் ஆசைக்கு மிதிக்கிறார்கள், நான் சோற்றுக்கு மிதித்தவன். ஆகவே மிதிப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்தச் சைக்கிளை நிறுத்திவிட்டு முதலாளி ஆனேன். கார் வந்தது, கூடவே சர்க்கரையும் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதெல்லாம் எனக்குச் சரிப்படாது, மறுபடி மிதிக்கிறேன் என்றேன். அஜ்மான் கடற்கரையில் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்து தனியாகத்தான் தொடங்கினேன். பிறகு கடைக்கு வருகிறவர்களை இழுத்தேன். வராதவர்களின் கணக்கு நோட்டை மூடிவிடுவேன் என்று மிரட்டினேன். இப்படிச் சேர்ந்ததுதான் இன்று பனியன் அச்சடித்துப் போட்டுக்கொள்ளும் நம் குழு. இந்த ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் உறவுகளையும் சைக்கிளையும் ஒன்றாக எப்படிச் சமாளிப்பது என்று என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். அட்டைப்படத்தைப் பற்றி எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களில் பெண் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. அவள் தன் உம்மா வீட்டிலேயே, பெற்ற தாயோடு இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வருவார். சபுராளி மாப்பிள்ளை, அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர், லீவுக்கு வந்தால் அந்த வீட்டில் அவர் விருந்தாளி. எத்தனை வருஷம் ஆனாலும் விருந்தாளிதான். தலை நரைத்த பிறகும் எனக்கு இனிப்புக்கு வட்டலப்பம் வைத்து, விசிறி எடுத்துக்கொண்டு நிற்பார்கள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் கட்டிய இரண்டு வீடுகளும் மகள்களுக்குப் போயின. ஆக, நானும் என் மனைவியும் நம் வீடு என்று சொல்லிக்கொண்டு ஒரு கூரையின் கீழ் சேர்ந்து இருந்ததே கிடையாது.

மாமியாரும் கண்ணை மூடி மௌத்தாகி, மகள்களும் தத்தம் வீட்டில் நிலைத்த பிறகு, என் மனைவி அஜ்மானுக்கு வந்தாள். துபாயில் வேலை பார்க்கும் மகன் போய் அழைத்து வந்தான். கடலுக்கு மூன்று தெரு தள்ளி எங்கள் ஃபிளாட். புதுத் திரை மாட்டினேன், அவளுக்கென்று தையல் மெஷின் வாங்கிப் போட்டேன். ஊரில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் உடுப்புத் தைத்துக் கொடுத்தவள் அவள். மெஷினைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு மச்சான்," என்றாள். எங்களில் மனைவி புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் வந்த நேரம்தான் என் வாரம் இரண்டாகப் பிளந்த நேரம். முன்பெல்லாம் இந்த நாட்டில் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. காலையில் சைக்கிள், பிறகு ஜும்மா, பிறகு விருந்து. ஒரே நாளில் எல்லாம் அடங்கிவிடும். பிறகு விடுமுறையை மாற்றினார்கள். துபாய் ஆபிஸ்காரர்கள் சனி ஞாயிறுக்குப் போய்விட்டார்கள். ஷார்ஜா தொழில்பேட்டைப் பட்டறை ஆட்கள் பழையபடி வெள்ளிக்கிழமையிலேயே நின்றார்கள். குழு இரண்டாகப் போய்விடுமே என்று எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். நான் சொன்னேன், "ஏன் கவலப்படுறீங்க? வெள்ளிக்கெழம அவங்களோட வாரேன், ஞாயித்துக்கெழம ஒங்களோட வாரேன்."

வேறு யாரால் முடியும்? அப்படித்தான் குழு உடையாமல் நின்றது.

ஆனால் விருந்துகளும் அதே மாதிரி இரண்டாகிவிட்டன. வெள்ளியில் ஒரு நிக்காஹ், ஞாயிறில் ஒரு நிக்காஹ். குழந்தைக்குப் பெயர் வைப்பு, வீடு மாறிய சாப்பாடு, ஊர் ஜமாஅத் கூட்டம், லீவுக்குப் போகிறவரைப் பார்த்து வழியனுப்புவது, லீவிலிருந்து வந்தவரைப் பார்த்து ஊர்த் தொதல் அல்வா வாங்கிக்கொள்வது. யார் கூப்பிட்டாலும் நான் இன்ஷா அல்லாஹ் என்பேன். இறைவன் நாடினால் என்றுதான் அதற்கு அர்த்தம். சிலர் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை, சொன்னால் போய் நிற்பேன். ஜெபல் அலியில் கண்டெய்னர் ஓட்டும் பையனுக்குக் குழந்தை பிறந்தாலும் போவேன், அஜ்மானில் அரபி வீட்டு டிரைவர் புதுப்பாய் வாங்கினாலும் போவேன். அல் குத்ரா பாலைவனத் தடத்தில் அறுபது கிலோமீட்டர் மிதித்துவிட்டு, அதே வியர்வையோடு ஒரு கல்யாண வலீமா விருந்தில் பிரியாணி சஹன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். மிதித்துக் குறைத்ததைப் பிரியாணி திருப்பிக் கொடுத்துவிடும். சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதுவே ஒரு சாதனைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், மகன் உட்கார்ந்திருக்கிறான். அவன் முகமே சரியில்லை.

"என்னப்பா, சாப்டியா?"

"சாப்பாடெல்லாம் இருக்கட்டும் வாப்பா. உம்மாவுக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டாங்க."

"எங்க போக?"

"ஊருக்குத்தான். அடுத்த மாசம். ஒன் வே."

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. ஒன் வே என்ற சொல் எங்கள் ஆட்களுக்குச் சாதாரணச் சொல் இல்லை. இங்கே விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போகிறவன்தான் ஒன் வே வாங்குவான். நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"என்ன புள்ள இது? இங்க என்ன குறை வச்சேன்?"

"குறை ஒண்ணும் இல்ல மச்சான். ஃப்ரிட்ஜ் நெறைய சாமான் இருக்கு. ஆளத்தான் காணோம்."

"வெளிய கூட்டிட்டுப் போகலியா நான்? போன வாரம் கூட நிக்காஹுக்குக் கூட்டிட்டுப் போனேனே!"

"கூட்டிட்டுப் போனீங்க. பொம்பளைங்க பக்கம் விட்டுட்டு நீங்க ஆம்பளைங்க பக்கம் போயிட்டீங்க. அங்க வந்த பொம்பளை ஒவ்வொருத்தியும், எப்ப வந்தீங்க எப்ப போறீங்கன்னு கேக்குறா. எனக்கே தெரியல, என்ன சொல்ல?" என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நான் ஒங்களோட இருக்கணும்னு வந்தேன். ஒங்க சைக்கிளுக்குக் காவல் இருக்க வரல."

மகன் மாடிப்படி இறங்கும்போது என்னிடம், "கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க வாப்பா," என்றான். மூன்று கடை கட்டியவனிடம்!

மறுநாள் காலையில் நாஷ்டாவுக்கு இடியாப்பம் வைத்தாள். வழக்கம்போலத் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவளையும் உட்காரச் சொன்னேன். நான் சாப்பிடும்போது அவள் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை, அவளுக்கும் இல்லை. சேரின் நுனியில் உட்கார்ந்தாள்.

"போறது போ. போறதுக்கு முன்னாடி இங்க எங்கயாவது பாக்கணும்னு இருந்தாச் சொல்லு. புர்ஜ் பாக்குறியா? தங்க மார்க்கெட்?"

"நீங்க தெனமும் எங்க போறீங்க?"

"கடக்கரைக்குத்தான்."

"அதப் பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடக்கரை ஊர்க்காரி, ஒனக்குக் கடல் ஒரு அதிசயமா?"

"அறுபது வருஷமா அந்தக் கடச் சத்தத்துலதான் தூங்குறேன் மச்சான். மாடியில நின்னு தூரத்துல ஒரு நீலக் கோடு பாத்துருக்கேன். எந்தக் காலத்துல எங்களக் கடக்கரைக்கு விட்டாங்க? கால் நனைச்சதில்ல."

கையில் பிய்த்த இடியாப்பம் அப்படியே நின்றது. நான் அந்தக் கடலில் சின்ன வயதில் நாள் முழுதும் கிடந்தவன். அதே தெருவில், அதே கடலுக்குப் பக்கத்தில், ஒருத்தி இப்படி இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

காரில் கூட்டிப் போய் இறக்கிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் நான் ஒன்றைச் செய்தால் முழுதாகச் செய்கிறவன். அவளுக்கும் கடல் வேண்டும், எனக்கும் சைக்கிள் வேண்டும். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டும். ஷார்ஜாவில் பழைய சாமான் விற்கும் சந்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் கிடந்தது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் சாமான் வைக்கக் கம்பிக்கூடை. அதை வாங்கிக்கொண்டு தொழில்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெஷாவர்க்காரரிடம் போனேன். டெலிவரி காலத்திலிருந்தே சிநேகிதர். நான் கொண்டுபோகும் குப்பூஸுக்காகக் காத்திருந்தவர், இன்று அவருக்கும் வெள்ளைத் தாடி.

கூடையை எடுத்துவிட்டு ஒரு சீட் வை, சாய்ந்துகொள்ள முதுகுக் கம்பி வை என்றேன். யாருக்கு என்று கேட்டார். பீவிக்கு என்றேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"காடி ஹை நா, பாய்?" கார்தான் இருக்கிறதே என்கிறார்.

"கார் ஹை. பீவி நஹி ரஹேகி," என்றேன். கார் இருக்கிறது, பெண்டாட்டிதான் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில். அவர் கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். சீட்டுக்குத் தன் வீட்டு சோபாவிலிருந்து ஒரு சிவப்பு மெத்தையைக் கொண்டுவந்து தைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுபுஹு முடிந்து வண்டியைக் கீழே நிறுத்தினேன். கறுப்பு அபாயா அங்கியும் வெயில் கண்ணாடியுமாக இறங்கி வந்தாள். முக்காட்டுக்கு மேல் என் பழைய ஹெல்மெட்டை வைத்துப் பட்டையை இழுத்துவிட்டேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நான் எங்க உக்காரணும்?"

"பின்னாடி. பாரு, மெத்தையெல்லாம் போட்டுருக்கு."

"நான் என்ன ஒங்க கடை அரிசி மூட்டையா? பின்னாடி ஏத்திக் கொண்டுபோக?"

"புள்ள, நீ சைக்கிளே விட்டதில்ல."

"மூணு சக்கரம் விழுமாக்கும்! இதுவும் மிதிதானே. ஒங்களவிடக் கூட மிதிச்சுருக்கேன் நான், தையல் மெஷினு." அபாயாவின் ஓரத்தை ஒரு ஊக்கால் குத்திக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டாள்.

மிதித்தாள். நேராகத்தான் போனாள். நான் பக்கத்தில் ஓடினேன். பிரேக்கைக் காட்டிக் கொடுத்தது நான், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று சொன்னது நான். கடற்கரை வளைவில் கைப்பிடியைத் திருப்பினாளோ இல்லையோ, பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பிவிட்டது. மூன்று சக்கர வண்டியின் குணம் அது. பின்னால் பாரம் இல்லாமல் வளைத்தால் சாயும். டெலிவரி வண்டி ஓட்டியவனுக்கு இது தெரியும். ஒரே தாவில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எழும்பிய சக்கரம் இறங்கியது. வண்டி வளைந்து, நேராகி, கடலைப் பார்த்துக்கொண்டு போனது.

நம் ஞாயிற்றுக்கிழமைக் குழு அங்கேதான் கூடும். எல்லாரும் வந்து நிற்கிறார்கள். இவள் மிதிக்கிறாள், நான் சிவப்பு மெத்தையில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். கோயம்புத்தூர் இன்ஜினியர் ஒருவர் துபாயிலிருந்து வருவார், நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். அவர்தான் முதலில் கத்தினார்.

"ஏனுங் ஹாஜியார், இதென்னங்க புது டெலிவரியா? யாரு வீட்டுக்குங்க உங்கள எறக்கோணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி வண்டியை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "எங்க வீட்டுக்குத்தான் தம்பி! ரொம்ப நாளா வந்து சேராத பார்சல்!"

அதோடு சிரிப்பு இரண்டு மடங்கானது. அவள் ஆண்கள் கூட்டத்தில் குரல் எடுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. இன்ஜினியர் செல்போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டார்.

கூட்டத்தைத் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தினாள். செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு மணலில் இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அலை பெரிதாக இல்லை, இங்கே கடல் வாலாட்டுகிற நாய்க்குட்டி மாதிரிதான் வந்து போகும். முதல் அலை காலைத் தொட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோடைக்காலம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"சூடா இருக்கு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊர்க் கடலும் இப்படித்தான் சூடா இருக்குமா மச்சான்?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. அது குளுந்து இருக்கும்," என்றேன்.

அன்றைக்கு ஷார்ஜாவில் ஒரு பெயர் வைப்பு, துபாயில் ஒரு வலீமா. இரண்டுக்கும் இன்ஷா அல்லாஹ் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. நான் சட்டையை எடுத்தேன். அவள் கதவருகில் நின்று கேட்டாள்.

"அந்த வீட்டுக்கெல்லாம் இந்த மூணு சக்கரத்துல போக முடியுமா?"

"எப்படிப் போக? துபாய்க்கு ஹைவே. போலீஸ் புடிச்சுருவான்."

"அப்ப வேணாம். மூணு சக்கரம் போற தூரத்துல யார் கூப்புட்டாலும் போவோம், ரெண்டு பேருமாப் போவோம். அதுக்கு மேல தூரம்னா போன்லயே வாழ்த்தி துஆச் சொல்லிருங்க."

இவ்வளவு நாளும் யாராலும் போட முடியாத சட்டத்தை ஒரு வாக்கியத்தில் போட்டுவிட்டாள். நான் போனை எடுத்து, என் வாழ்க்கையில் முதல்முறையாக, "இல்லப்பா, வர முடியாது. வீட்ல இருக்கேன்," என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "ஒடம்புக்கு என்ன ஹாஜியார்?" என்று கேட்டார்கள்.

அதுதான் இன்றுவரை எங்கள் நடைமுறை. இளைஞர்கள் என்னிடம் கேட்கிற கேள்விக்கும் அதுதான் பதில். வெள்ளிக்கிழமைக் குழுவை நான் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக் குழுவை அந்த வாயாடி இன்ஜினியரிடம் ஒப்படைத்தேன், நான் பழக்கிவிட்ட குழு என்பதால் தானாகவே ஓடுகிறது. ஞாயிறு காலை மூன்று சக்கரம். அஜ்மானில் நம் ஆட்கள் வீட்டு வாசலில் சிவப்பு மெத்தை வண்டி நின்றால், உள்ளே நாங்கள் இரண்டு பேரும் டீ குடிக்கிறோம் என்று தெருவுக்கே தெரியும். அவளை இப்போது யாரும் எப்போது வந்தீர்கள் என்று கேட்பதில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் சேரின் நுனியில் உட்காருவதும் போய்விட்டது. இடியாப்பம் தீர்ந்தால், "எந்திரிச்சுப் போய் எடுத்துக்குங்க மச்சான்," என்கிறாள்.

டிக்கெட் விஷயம் பாக்கி இருக்கிறது. அடுத்த மாதம் வந்தது. மகன் வந்து, "உம்மா, என்ன செய்ய, கேன்சல் பண்ணவா?" என்றான். எனக்கு முன்னாலேயே கேட்டான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேன்சல் வேணாம். பேரப்புள்ளைகளப் பாக்கணும்ல," என்றாள். "ரிட்டன் சேத்துப் போடு. லீவுல போயிட்டு வாரேன்."

எங்கள் கல்யாணத்தில் லீவு என்ற சொல்லைச் சொன்னது இதுவரை நான் மட்டும்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, ஊர்க்காரர் ஒருவர் எதிர்ப்பட்டு, "என்ன லாத்தா, ஊருக்கா?" என்று கேட்டார். "ஆமா, லீவுல," என்று அவள் சொன்ன மிடுக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டினேன். நான் லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் ஊரில் அவள் நின்ற இடம் அது. போவதற்கு முன்னால் திரும்பி வந்து சொன்னாள்: "வண்டி டயர்ல காத்து பாத்து வைங்க. வந்ததும் எடுப்பேன்."

வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன்.

இனி அட்டைப்படத்துக்கு வருகிறேன். அன்றைக்கு இன்ஜினியர் பிடித்த படத்தை மலரின் அட்டையில் போடப்போவதாக எனக்கு அனுப்பினார்கள். கண்ணாடியும் ஹெல்மெட்டும் முகத்தைப் பாதி மறைத்திருப்பதால், "போட்டுக்கச் சொல்லுங்க," என்று ஊரிலிருந்து அவளும் சம்மதம் சொல்லிவிட்டாள். அருமையான படம். கடல் பின்னால் மின்னுகிறது, அபாயா காற்றில் பறக்கிறது, அவள் பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே 'நம் குழுவின் முதல் பெண் வீரர்' என்று போட்டிருக்கிறது. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவளுக்கு அது தகும். ஆனால் என்னை வெட்டிவிட்டார்கள். பக்கத்துக்கு அடங்கவில்லையாம். ஓரத்தில் கம்பியைப் பிடித்த நான்கு விரல் மட்டும் தெரிகிறது.

மலர்க் குழுவினருக்குச் சொல்லிக்கொள்கிறேன். அந்த வளைவில் பின்னால் பாரம் இல்லாதிருந்தால் அந்த வண்டி சாய்ந்திருக்கும். அவள் அன்றைக்குக் கடலுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டாள், ரிட்டன் டிக்கெட்டும் போட்டிருக்க மாட்டாள். மிதித்தது அவள், ஒத்துக்கொள்கிறேன். சாயாமல் வைத்தது நான். நான் கட்டியவற்றில் கடைகளை விட்டுவிடுங்கள், வீடுகளை விட்டுவிடுங்கள், தண்ணீர்த் தொட்டியில் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் படத்தை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் கடலைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள். கீழே அவள் பெருமையை எழுதி, அதற்கு அடுத்த வரியில், பின்சீட்டில் இருப்பவர் இன்னார் என்று என்னையும் எழுதுங்கள்.